இரண்டு வால், ஒற்றை நகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் பூச்சி வருவதில்லை. வருவதெல்லாம் தண்ணீர். ஐந்து லிட்டர் கேனிலும் ஐஸ் பெட்டியிலும் வரும், கழுத்தில் நூல் கட்டி அட்டை தொங்கும். போர்வெல் தண்ணீர், பாய்லர் தண்ணீர், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகிற தண்ணீர், அதிலிருந்து வெளியே வருகிற தண்ணீர். பி.எச்., டி.டி.எஸ்., சி.ஓ.டி. பார்த்துவிட்டு, பி.ஓ.டி.க்காக, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜனுக்காக, 27 டிகிரி சூட்டில் மூன்று நாள் அடைகாத்து, லிட்டருக்கு முப்பது மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று எழுதி அனுப்புவோம். அப்படியொரு கூடத்தில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மதுரையில் விலங்கியல் படித்தவள் நான். வேலைக்கு வந்தது வேதியியல் மேஜைக்கு. கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். மதியச் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றும் பூச்சிக்குக்கூட என்னிடம் வந்து பேர் கேட்பார்கள்.

அதனால்தான் அந்தச் சீசா என்னிடம் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்தார். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைக்குப் பிறகு புதுத் தொழிற்சாலைகள் பலவும் சுற்றுவட்டாரத்தின் உயிரினங்களையும் பட்டியலிட்டுத் தர வேண்டியிருந்தது. மரம், பறவை, மீனோடு நீர்ப்பூச்சியும் அதில் வரும். ஆரணியாற்றில் வலை போட்டுப் பிடித்ததை எத்தனாலில் போட்டிருந்தார்கள். கூடவே வரைவு அறிக்கையின் ஒரு பக்கம். அதில் ஒரு வரி: பெர்லிடே குடும்பம், ஸ்டோன்ஃப்ளை.

“மேடம், நீங்க பூச்சி படிச்சவங்கன்னு சொன்னாங்க. இத ஒரு தடவ பாத்து கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க” என்றார்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குப் படபடப்பாகிவிட்டது. ஆரணியாற்றில் ஸ்டோன்ஃப்ளை என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்ல, அந்தப் பூச்சியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஸ்டோன்ஃப்ளை என்பது ஈ அல்ல. பிளெகாப்டெரா என்று தனி வரிசையே அதற்கு உண்டு. ஜெர்மானியரான பர்மைஸ்டர் 1839-இல் வைத்த பெயர் அது. உலகம் முழுக்க 3,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டிருக்கின்றன. வாழ்நாளில் பெரும்பங்கைத் தண்ணீருக்குள், ஓடும் ஓடையின் கல்லடியில், நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் கழிக்கும். கடைசியில் கல்லிலோ கிளையிலோ ஏறி, தோலுரித்து, சிறகோடு வெளியே வரும். பிறகு சில நாள் வாழ்க்கைதான். பெர்லிடே குடும்பத்தில் வளர்ந்த பூச்சிகள் பெரும்பாலும் சாப்பிடுவதுகூட இல்லை. நிம்ஃபோ நேர்மாறு: கூரிய பல் வைத்த தாடையோடு மற்றப் பூச்சிகளின் இளம் உயிர்களைத் தேடித் தின்னும் வேட்டைக்காரன்.

அது கேட்பது ஒன்றுதான், ஆக்சிஜன். குளிர்ந்த, பாறையில் மோதி ஓடும் தண்ணீரில் அது நிறையக் கிடைக்கும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதற்குமேல் கழிவு சேர்ந்தால் பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். மூச்சு முட்டும்போது ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் கால்களை ஊன்றி உடம்பை மேலும் கீழும் தூக்கித் தூக்கி இறக்கும், செவுளுக்கு மேல் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருப்பதற்காக. வெள்ளைத் தட்டில் கொஞ்ச நேரம் விட்டு வைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மாணவியாக முதல்முறை பார்த்தபோது தட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கே ஓடி, அதைத் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

மலை ஓடைப் பூச்சி அது. சமவெளியில், மணல் படுகையில், வெயிலில் காயும் ஆரணியாற்றில் அதற்கு என்ன வேலை? அந்த இளைஞர் கொண்டுவந்தது உண்மையென்றால் வடதமிழ்நாட்டு ஆறுகளைப் பற்றி நாங்கள் படித்ததையெல்லாம் மறுபடி எழுத வேண்டும்.

சீசாவைத் திறந்து பெட்ரி தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன்.

உடம்பு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, வெளிறிய பழுப்பு, பின்னால் இரண்டு வால் இழைகள். அறிக்கை எழுதியவர் பார்த்தது இதைத்தான். எளிய கையேடுகள் எல்லாம் சொல்லும் முதல் அடையாளம்: இன்னொரு நீர்ப்பூச்சியான மேஃப்ளையின் நிம்ஃபுக்கு மூன்று வால், ஸ்டோன்ஃப்ளை நிம்ஃபுக்கு இரண்டு. அடையாளம் சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு வாலுள்ள மேஃப்ளைகளும் உண்டு. மூன்றில் ஒன்று வலையிலும் இடுக்கியிலும் உடைந்துபோவது அன்றாடம் நடப்பது.

அதனால் வாலை விட்டுவிட்டுக் காலுக்குப் போனேன். பின்னங்காலின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே ஒரு நகம், மெல்லியதாக, நீளமாக. ஸ்டோன்ஃப்ளைக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் இருக்கும். மேஃப்ளை நிம்ஃபுக்கு ஒன்று. வால் உடையும், செவுள் உதிரும், நகத்தின் எண்ணிக்கை பொய் சொல்லாது. அடுத்து வயிறு. இருபுறமும் வரிசையாக இலை போன்ற செவுள்கள், முன்னால் உள்ள ஆறு கண்டங்களிலும் இரட்டை இரட்டையாக, ஏழாவதில் ஒற்றையாக. பெர்லிடே நிம்ஃபுக்கு வயிற்றோரம் இப்படி இலைச் செவுள் கிடையாது. அதன் செவுள்கள் கொத்துக்கொத்தாக, மயிர்க்குஞ்சம்போல, மார்பில் கால்கள் முளைக்கும் இடத்தில் இருக்கும். முதிர்ந்த நிம்ஃபாக இருந்ததால் சிறகு மொட்டுகளும் கறுத்துத் தெரிந்தன. அதுவும் ஒரே ஜோடி. ஸ்டோன்ஃப்ளையில் இரண்டு ஜோடி தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக மறுபடி வாலுக்கு வந்தேன். இரண்டு இழைகளிலும் நீந்துவதற்கான மயிர் வரிசை உட்புறத்தில் மட்டும் இருந்தது. வெளிப்புறம் வழுக்கை. நடுவில் ஓர் இழை இருந்தால்தான் அந்த அமைப்புக்கு அர்த்தம். ஊசியால் மெல்ல ஒதுக்கினேன். இரண்டுக்கும் இடையில், ஒடிந்த நடுவாலின் அடிக்கட்டை இருந்தது.

பேட்டிடே குடும்பம், குளோயான் பேரினம். குட்டையிலும் வாய்க்காலிலும் நிற்கும் தண்ணீரில் சாதாரணமாகக் கிடைக்கும் மேஃப்ளை. ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கக் கூடியது.

“ஒரு பேருதானே மேடம், மாத்திட்டாப் போச்சு” என்றார் அந்த இளைஞர். அவரை உட்காரவைத்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீர்ப்பூச்சிகளை வைத்து ஆற்றின் நலத்தை அளப்பதற்கு பிரிட்டனில் 1970-களின் இறுதியில் ஒரு மதிப்பெண் முறை உருவானது. பி.எம்.டபிள்யூ.பி. என்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். மாசு தாங்காதவற்றுக்குக் கூடுதல், தாங்குபவற்றுக்குக் குறைவு. பெர்லிடேவுக்குப் பத்து. பேட்டிடேவுக்கு நான்கு. கைரோனோமிடே என்னும் செம்புழுக்களுக்கு இரண்டு, நெளியும் மண்புழு வகைகளுக்கு ஒன்று. அவருடைய மாதிரியில் இருந்தவை: செம்புழு இரண்டு, புழு வகை ஒன்று, பிளனோர்பிடே நத்தை மூன்று, டைட்டிசிடே வண்டு ஐந்து, அப்புறம் இந்தப் பூச்சி. நான்கு என்று போட்டால் மொத்தம் 15, சராசரி 3. பத்து என்று போட்டால் மொத்தம் 21, சராசரி 4.2. ஒரு பூச்சியின் ஒடிந்த வாலால் ஆறு திடீரென்று ஆரோக்கியமாகிவிடுகிறது.

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறிக்கையில் அந்த வரி திருத்தப்பட்டது. ஆனால் சில வாரம் கழித்து வேறொரு கேள்வியோடு வந்தார். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் மதுரையைச் சொல்ல வேண்டும், நகம் எண்ணும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

மதுரையில் நீர்ப்பூச்சி ஆய்வுக்கு ஒரு பரம்பரையே உண்டு. மதுரைக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கே.ஜி.சிவராமகிருஷ்ணன் தொடங்கிவைத்தது அது. குற்றாலத்து ஓடையிலிருந்து 1984-இல் பெட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் என்ற மேஃப்ளையை அவர் விவரித்தார். நான் அவரிடம் படித்தவள் இல்லை. அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அழகர்மலையும் சிறுமலையும்தான் எங்களுக்கு வகுப்பறை. விடியற்காலை பஸ் பிடித்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் புரட்டுவோம். கல்லடியில் இருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும்.

என் ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். நிம்ஃபை வைத்து சிற்றினப் பெயர் எழுதினால் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார். “தலையில தனிக்கண் ரெண்டு இருக்கு, மார்புல செவுள் இருக்கு, பெர்லிடே, நியோபெர்லா. அங்கயே நிறுத்தும்மா. அதுக்கு மேல இது சொல்லாது” என்பார். அமெரிக்கரான நீதம் 1905-இல் ஏற்படுத்திய பேரினம் நியோபெர்லா. ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா என்று பரந்து கிடக்கிறது. சில நூறு சிற்றினங்கள் இருக்கின்றன. தென்னிந்திய மலைகளில் கிடைக்கும் ஸ்டோன்ஃப்ளைகளில் பெரும்பாலானவை இதைச் சேர்ந்தவை. இமயமலையில் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன, நம் பக்கம் வகை குறைவு. வகை குறைவு என்றால் அடையாளம் காண்பது சுலபம் என்று தோன்றும். நியோபெர்லாவில் அப்படி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்திருக்கும். நிறத்தை நம்ப முடியாது, ஒரே ஓடையில் வெளிறியதும் கறுத்ததும் கிடைக்கும்.

சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது வளர்ந்த ஆண்தான். அதை விளக்கொளிக்கு வரவைக்க வேண்டும். அந்தி மங்கியதும் ஓடைக்கரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் விளக்கை ஏற்றி வைப்போம். விட்டில், வண்டு, கேடிஸ்ஃப்ளை எல்லாம் முதலில் வரும். அவற்றுக்கு நடுவில், சிறகை முதுகின்மேல் தட்டையாக மடித்து, துணியில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டு ஒன்று வரும். அது பறப்பதைவிட ஓடுவதே அதிகம். அதைக் கையில் பிடித்ததும் உடனே வேலை ஆரம்பித்துவிடும்.

ஆணின் வயிற்று நுனியில், ஏழாம், எட்டாம் கண்டங்களின் முதுகுப்புறத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பத்தாம் கண்டம் நடுவில் பிளந்து, ஒவ்வொரு பாதியிலிருந்தும் விரல் போன்ற ஒரு நீட்சி முன்னோக்கி வளைந்திருக்கும். இவையெல்லாம் உதவும். ஆனால் முடிவான சாட்சி உள்ளே இருக்கிறது. ஆணின் இனவுறுப்புக் குழாய்க்குள் மென்மையான ஒரு பை உள்புறம் திரும்பிச் சுருண்டு கிடக்கும். இணையும்போது மட்டும் அது வெளித்திரும்பி நீளும். அதன் மேல் உள்ள முட்கள் எங்கே, எத்தனை வரிசை, எவ்வளவு பெரியவை என்பதுதான் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். உயிரோடு இருக்கும்போதே வயிற்று நுனியை இடுக்கியால் மெதுவாக அழுத்தினால் அந்தப் பை வெளியே வரும். வந்த நொடியில், அழுத்தத்தை விடாமல், எத்தனாலுக்குள் முக்க வேண்டும். அப்போதுதான் அப்படியே நிற்கும். ஒரு கணம் பிசகினாலும் மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் தசையைக் கரைத்து, மிக மெல்லிய ஊசியால் கையுறையின் விரலை உள்ளிருந்து இழுப்பதுபோல இழுத்தெடுக்க வேண்டும். என் வகுப்பில் அதைக் கிழிக்காமல் எடுக்கத் தெரிந்தவர்கள் ஒருசிலர்தான். கண் எரியும், மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கும்.

பெண்ணை வைத்து அடையாளம் காண வேண்டுமானால் முட்டையைப் பார்க்க வேண்டும். வயிற்றிலிருந்து முதிர்ந்த முட்டைகளை எடுத்து ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஓட்டின் மேல் வரிகளும் ஒரு முனையில் கழுத்துப்பட்டை போன்ற விளிம்பும் தெரியும். அதுவும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். ஆனால் எந்த ஆணுக்கு எந்தப் பெண் ஜோடி என்பதை எப்படிச் சொல்வது? ஒரே ஓடையில், ஒரே நாளில், ஒரே விளக்கில் பிடித்தவை என்பது மட்டும் போதாது. நிம்ஃபை வீட்டில் வளர்த்து, உரித்த தோலையும் வெளிவந்த பூச்சியையும் சேர்த்து வைப்பது ஒரு வழி. இப்போது டி.என்.ஏ. பார்கோடு உதவுகிறது. கனடாவின் பால் ஹெபர்ட் 2003-இல் முன்மொழிந்த முறை அது. நிம்ஃபையும் ஆணையும் பெண்ணையும் ஒரே சிற்றினம் என்று இணைத்துச் சொல்லக்கூடிய வசதி. ஆனாலும் பெயர் என்பது முதலில் ஓர் உடலைப் பார்த்து வைத்ததாக இருக்க வேண்டும். ஒப்பிடுவதற்குப் பெயர் வைத்த மாதிரி இல்லாவிட்டால் பார்கோடு எண்களாகவே நிற்கும்.

2007-இல் எங்கள் கூட்டத்தில் பெரிய சந்தோஷம். அக்வாட்டிக் இன்செக்ட்ஸ் ஆய்விதழில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு புதிய ஸ்டோன்ஃப்ளை விவரிக்கப்பட்டது: நியோபெர்லா பைசீரியாட்டா. எழுதியவர்கள் பீட்டர் ஸ்விக், எஸ்.அன்பழகன், எஸ்.தினகரன். பின்னவர்கள் இருவரும் மதுரைக்காரர்கள். ஸ்விக், ஜெர்மனியின் ஷ்லிட்ஸ் ஊரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆற்று ஆய்வு நிலையத்தில் இருந்தவர். உலகத்து ஸ்டோன்ஃப்ளைகளையெல்லாம் 1973-இல் ஒரே அட்டவணையில் தொகுத்தவர். எங்கள் மலை ஓடையில் ஓடித் திரிந்த ஒரு பூச்சி அவர் மேஜைக்குப் போய், ஏற்கெனவே பெயரிட்டவற்றோடு ஒப்பிடப்பட்டு, புதியது என்று உறுதியானது. அதுவரை எங்கள் ஊர் ஓடைகளிலிருந்து எடுத்த சீசாக்களில் நியோபெர்லா என்று மட்டுமே எழுதிவைத்திருந்தோம். அவற்றில் ஒரு சிலவற்றுக்காவது இனி முழுப் பெயர் கிடைக்கும் என்று அன்று நினைத்தோம். பேரினத்தோடு நிறுத்திவைத்த ஒவ்வொரு அட்டையும் அதற்காகக் காத்திருந்தது என்றே எனக்குத் தோன்றியது. ஊகித்து ஏதாவது பெயர் எழுதியிருந்தால் இன்று யாரும் அந்தச் சீசாவைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த இளைஞரின் இரண்டாவது கேள்வி. “மேடம், ஆத்துல ஸ்டோன்ஃப்ளை இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப ஆறு மாசுபட்டிருக்குன்னு எழுதிடலாமா? அது சாதகமாத்தானே இருக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன ஆறுன்னா கம்பெனி மேல குத்தம் வராது.”

கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. பூச்சிகளை வைத்து ஆற்றை அளக்கும் முறையை அப்படியே வெளியிலிருந்து இறக்கினால் இந்தக் கேள்வி வந்தே தீரும். இந்த யோசனை பழையது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்சனும் 1909-இல் மாசைக் காட்டும் நீர்விலங்குகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அதெல்லாம் குளிர்நாட்டு ஆறுகளுக்கானது. 1996-இல் சிவராமகிருஷ்ணனும், ஹனஃபோர்டு, ரெஷ் என்ற இரண்டு அமெரிக்கர்களும் சேர்ந்து காவிரிப் படுகையில் ஓர் ஆய்வு செய்தார்கள். வெளிநாட்டில் உருவான முறைகள் இங்கே எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே அவர்களின் கேள்வி. 2007-இல் கே.ஏ.சுப்ரமணியனும் சிவராமகிருஷ்ணனும் பெங்களூரின் அட்ரீ நிறுவனத்துக்காக இந்திய நீர்ப்பூச்சிகளை வைத்து நன்னீரைக் கண்காணிக்கும் கையேடு எழுதினார்கள். அந்த நகலைத்தான் என் மேஜையில் வைத்திருந்தேன், அட்டை கிழிந்து டேப் ஒட்டியது.

அவரிடம் ஆரணியாற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் மடிப்பாக்கத்துக்காரர். ஆற்றைப் பாலத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். பொன்னேரிப் பக்கம் ஆற்றில் கைவலை போடும் இருளர் பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். பெரியவரோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். “என்ன பாப்பா, இன்னிக்கும் பூச்சியா?” என்று கேட்டபடி கரையேறினார். ஆறு எப்போது ஓடும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “ஐப்பசி, கார்த்திகைல மழை பெஞ்சா தண்ணி வரும் தம்பி. ரெண்டு மாசம் ஓடும். தைக்கு மேல மடுவுல நிக்கும். சித்திரைல அதுவும் சூடா இருக்கும், கால வைக்க முடியாது. அப்ப மீனு சேத்துக்குள்ள போயிடும்.”

அதைவிடச் சரியாக ஒரு சூழலியல் பாடப்புத்தகமும் சொல்லாது. பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகும் அந்த ஆறு, தொழிற்சாலை என்ற சொல்லே இல்லாத காலத்திலும் இப்படித்தான் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருந்தது. ஆண்டு முழுக்க ஓடுகிற தண்ணீரும் கல்லும் குளிர்ச்சியும் கேட்கும் பூச்சி, மணலும் மடுவுமான ஆற்றில் இல்லாததற்கு மாசைக் காரணம் காட்ட முடியாது. அது அங்கே இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு பூச்சி இல்லாததை அடையாளம் என்று சொல்ல, அது முன்பு இருந்திருக்க வேண்டும், அல்லது அதே மாதிரியான பக்கத்து ஆற்றில் இப்போது இருக்க வேண்டும்.

அப்படியானால் சிப்காட்டுக்கு வெளியே ஓடும் கால்வாய்களில் என்ன தெரிகிறது? அதையும் அவருக்குக் காட்டினேன். சில இடங்களில் கறுத்த சேற்றைக் கையில் அள்ளினால் சிவப்பு நூல்கள் நெளியும். கைரோனோமிடே கொசுவகையின் புழுக்கள். நம் ரத்தத்தில் இருப்பதைப் போலவே ஹீமோகுளோபின் அவற்றின் உடலில் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத சேற்றில் அவை இருக்கும். கொளத்தூர் மீன் கடைகளில் அலங்கார மீனுக்குத் தீனியாக இவை விற்பனையாகின்றன. இருப்பதே அடையாளம், அதைப் பார்த்து எழுதலாம். வேறெதுவும் இல்லாமல் இதுமட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தால், அது தெளிவான சாட்சி. தண்ணீரை மாதிரி எடுத்து நாங்கள் அளக்கும் பி.ஓ.டி. அந்த ஒரு மணி நேரத்துத் தண்ணீரைப் பற்றியது. இரவில் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால் கேன் அதைச் சொல்லாது. மாதக்கணக்காகச் சேற்றில் கிடக்கும் உயிர் சொல்லும். அதனால்தான் பூச்சிகளைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்தப் பூச்சியைப் பார்ப்பது என்பதை அந்தந்த ஆறுதான் தீர்மானிக்க வேண்டும்.

ஆரணியாற்றுக்கு நான் பார்ப்பது தும்பியின் நிம்ஃபுகளை, மேஃப்ளையில் எத்தனை பேரினம் என்பதை, மடுவில் நத்தைகள் எத்தனை வகை என்பதை. மழைக்குப் பிறகு ஓடும் இரண்டு மாதத்தில் எவை வருகின்றன, மடு சுருங்கச் சுருங்க எவை நிற்கின்றன என்பதை. இதற்கு அச்சிட்ட மதிப்பெண் அட்டவணை போதாது, ஊத்துக்கோட்டைக்கு மேலே கழிவு சேராத ஒரு மடுவையும் பொன்னேரிக்குக் கீழே ஒரு மடுவையும் ஒரே வாரத்தில் பார்த்து ஒப்பிட வேண்டும். அந்த இளைஞரின் நிறுவனம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. அவர் மட்டும் விடுமுறைகளில் வந்தார். இன்று அவரே நல்ல பூச்சிக்காரர். நகத்தை எண்ணாமல் எந்தப் பெயரும் எழுதுவதில்லை.

சமவெளிக்காரர்களான எங்களுக்குப் பக்கத்தில் உள்ள மலை, எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிறது. எளாவூர் செக்போஸ்ட்டைக் கடந்து தடா, அங்கிருந்து வரதையபாளையம், அதற்கப்பால் உப்பலமடுகு அருவி. நாகலாபுரம் மலைத்தொடர். சென்னையிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் குளிக்கப் போகிற இடம். மழைக்காலம் முடிந்ததும், கூட்டம் வருவதற்கு முன் விடியலில், கல்லூரி மாணவர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். பாறையில் ஒட்டிய தட்டை உடல் மேஃப்ளைகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ்ஃப்ளைகளும் வலையில் வந்தன. ஸ்டோன்ஃப்ளை வரவில்லை. “அப்ப இங்க இல்லையா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எங்கள் வலையில் அன்று வரவில்லை என்று மட்டும் நோட்டில் எழுதச் சொன்னேன். தேதி, நேரம், தண்ணீரின் வெப்பம், எந்த ஓட்டத்தில் எத்தனை நேரம் கல் புரட்டினோம் என்பதையும் சேர்த்து. அது இருந்தால்தான் நாளைக்கு வேறொருவர் தேடிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கோடையில் அந்த ஓடையின் கீழ்ப்பகுதி வற்றிவிடும். மேலே, நிழலில், பாறை இடுக்கில் தண்ணீர் கசியும் இடங்கள் உண்டு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே போக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வாங்கி, இரவு தங்கி, விளக்குக் கட்ட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அந்த மாணவி எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு மெல்லிய ஊசிகளும், 95 சதவிகித எத்தனாலும், என் பழைய இடுக்கியும் கொடுத்திருக்கிறேன். துணியில் ஓடும் பூச்சி ஆணா என்று முதலில் பார்க்கச் சொன்னேன், பிறகு வயிற்று நுனியை எப்படி அழுத்துவது என்பதைச் செத்த கேடிஸ்ஃப்ளை ஒன்றில் பழக்கிக்காட்டினேன். ஆண் கிடைக்காமல் நிம்ஃப் மட்டும் கிடைத்தால் அட்டையில் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். “நியோபெர்லான்னு தெரிஞ்சா நியோபெர்லா. தனிக்கண் தெளிவா தெரியலன்னா பெர்லிடே. அதோட நிறுத்திடுவேன்” என்றாள்.